புதையலுக்கு எத்தனை ஸ்டார்?

உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்து கிடக்கின்றன. எது உருப்படி, எது வெட்டி அலைச்சல் என்று தேடிப் போனவர்கள் மார்க் போடலாமா? ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடிப் பிடிக்கும் ஜியோகேச்சிங் உலகத்தில் இன்னும் தீராத வழக்கு இது.

அமெரிக்காவில் எந்தப் பெரிய கடைக்குப் போனாலும் வாசலில் மைதானம் போலக் கார் நிறுத்துமிடம் இருக்கும். அதில் வரிசையாக விளக்குக் கம்பங்கள். கம்பத்தின் அடியில் கான்கிரீட்டில் பதித்த போல்ட்டுகள் தெரியாமல் இருக்க, சதுரமாக ஒரு தகர மூடி மாட்டியிருப்பார்கள். அதைப் பிடித்து மேலே தூக்கினால் கிரீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு ஏறும். உள்ளே ஒரு ஃபிலிம் ரோல் டப்பா. டப்பாவுக்குள் சுருட்டிய தாள், பெரும்பாலும் நமுத்துப்போய். அதில் பெயரையும் தேதியையும் எழுதி, டப்பாவைத் திரும்ப வைத்து மூடியை இறக்கிவிட்டால் ஒரு புதையல் உங்கள் கணக்கில் ஏறிவிட்டது. காரை அணைக்கக்கூட வேண்டியதில்லை.

இதே விளையாட்டில், வாஷிங்டன் மாநிலத்தில் ரயில் ஓடுவது நின்றுபோன சுரங்கப் பாதை ஒன்றைக் கைவிளக்கோடு மூன்றரை கிலோமீட்டர் நடந்து கடந்து, அந்தப் பக்கத்து மலைச்சரிவில் இருக்கும் பெட்டியைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. 2001-ல் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தின் விளம்பரத்தை ஒட்டி ஒளிக்கப்பட்ட பெட்டிகளில் ஒன்று அது. சுரங்கத்துக்குள் கோடையிலும் குளிரும். மேலிருந்து தண்ணீர் சொட்டும்.

கணக்கில் இரண்டும் ஒன்றுதான். கண்டுபிடித்த எண்ணிக்கை ஏறும், அவ்வளவே. எது கால் வலித்தாலும் மனசு நிறைந்தது, எது பெட்ரோல் தண்டம் என்று அந்த எண் சொல்லாது. அதனால்தான், "ஹோட்டலுக்குப் போடுகிறோம், சினிமாவுக்குப் போடுகிறோம், ஆட்டோ ஓட்டியவருக்குக்கூடப் போடுகிறோம். கண்டுபிடித்த பெட்டிக்கு ஐந்துக்கு இத்தனை என்று ஸ்டார் போட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் வேண்டாம் என்கிற கட்சி.

பீன்ஸ் டின்னில் பிறந்த விளையாட்டு

2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை சாமானியர் கையில் இருந்த ஜிபிஎஸ் கருவி வேண்டுமென்றே மழுங்கடிக்கப்பட்டிருந்தது. செயற்கைக்கோள் அனுப்பும் சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் பிழையைக் கலந்து அனுப்பியது. கருவி காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளிப் போகும். அதிபர் பில் கிளிண்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்தச் சொன்னார்; கருவி திடீரென்று பத்து இருபது மீட்டருக்குள் இடத்தைக் காட்டத் தொடங்கியது. மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் ஊர்ப் பக்கத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்து வைத்தார். ஜிபிஎஸ் பித்தர்கள் கூடிப் பேசும் இணையக் குழுவில் அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எழுதிப் போட்டார். வாளிக்குள் புத்தகம், வீடியோ, மென்பொருள், கொஞ்சம் பணம், கவண், ஒரு டின் பீன்ஸ். கூடவே நோட்டும் பென்சிலும். எதையாவது எடுத்துக்கொள், எதையாவது வை, நோட்டில் எழுது, அவ்வளவுதான் விதி. சில நாட்களிலேயே மைக் டீக் என்பவர் கண்டுபிடித்துவிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று ஜெரமி ஐரிஷ் ஜியோகேச்சிங் டாட் காம் தளத்தைத் தொடங்கியபோது உலகத்துக்கே 75 பெட்டிகள்தான்.

அல்மர் வைத்த வாளியை இன்றைக்கு யாராவது வைத்தால் அனுமதி கிடைக்காது. குழி தோண்டக் கூடாது, தின்பண்டம் வைக்கக் கூடாது என்பவை இன்றைய விதிகள். இருந்தும் அந்த இடத்தில் இப்போது நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். வேறு கண்டங்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதற்கு ஸ்டார் போட வேண்டுமென்றால் எதற்குப் போடுவது? வாளிக்கா, பீன்ஸுக்கா, 2000-ஆம் ஆண்டுக்கா? கான்சாஸ் மாநிலத்தில் மிங்கோ என்ற இடத்தில், நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் ஒரு பெட்டி இருக்கிறது. 2000 மே 11 முதல் இருப்பது; இன்றும் புழக்கத்தில் உள்ளவற்றில் மூத்தது அதுதான். காட்சி என்று பார்த்தால் சுற்றிலும் சமவெளி. ஆனாலும் அதைத் தொடாமல் கான்சாஸைக் கடக்க மனசு வராத ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

ஒளித்தவரே போடும் மார்க்

மதிப்பெண்ணே இல்லாத விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு அளவு உண்டு. மூளைக்கும் கண்ணுக்கும் எவ்வளவு வேலை என்பது ஒன்று. காலுக்கும் கைக்கும் எவ்வளவு வேலை என்பது இன்னொன்று. இரண்டுமே ஒன்றிலிருந்து ஐந்து வரை, அரை அரையாக ஏறும். நிலத்துக்கு ஐந்து என்றால் கயிறோ படகோ, வேறு ஏதாவது தனிக் கருவியோ வேண்டும் என்று பொருள். இந்த 81 சேர்க்கைகளிலும் ஒவ்வொன்று கண்டுபிடித்துக் கட்டத்தை நிரப்புவதற்கென்றே அலைகிற கூட்டம் தனி. ஆனால் இந்த இரண்டு எண்களையும் போடுவது ஒளித்தவர். போய்ச் சேர எவ்வளவு பாடு என்று அவை சொல்லும். போனதற்குப் பலன் உண்டா என்பதைப் பற்றி வாயே திறக்காது.

புதுப் பெட்டியை வெளியிடும் முன் தன்னார்வப் பரிசோதகர் ஒருவர் பார்ப்பார். பக்கத்துப் பெட்டியிலிருந்து 161 மீட்டர் தள்ளி இருக்கிறதா, ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறதா, நிலத்துக்காரர் சம்மதித்தாரா என்பதெல்லாம் அவர் பாடு. நன்றாக இருக்கிறதா என்பது அவர் பாடு அல்ல. ஒரு காலத்தில் அதையும் அவர் தலையில் கட்டிப் பார்த்தார்கள்.

'விர்ச்சுவல்' என்று ஒரு வகை உண்டு. அதில் பெட்டியே கிடையாது. சிலையோ கல்வெட்டோ இருக்கும் இடத்துக்குப் போய், அங்கிருந்தால் மட்டுமே தெரியக்கூடிய பதிலை அனுப்ப வேண்டும். பெட்டி வாங்கும் செலவில்லை, பராமரிப்பும் இல்லை என்பதால் தெருமுனைப் பலகையைக்கூட விர்ச்சுவல் என்று அனுப்பத் தொடங்கினார்கள். ஜியோகேச்சிங் தளத்தை நடத்தும் நிறுவனம் ஒரு வேலி போட்டது: பார்த்தவுடன் வாயைப் பிளக்கிற மாதிரி ஏதாவது இருந்தால்தான் அனுமதி. யார் வாயைப் பிளக்க வேண்டும்? பரிசோதகர் வாயை. அவர் அந்த ஊருக்குப் போனதே இல்லை. மின்னஞ்சலில் வந்த நாலு வரியை வைத்து, ஒருவர் தன் ஊரில் பெருமையாக நினைக்கும் இடத்தை 'இதில் ஒன்றும் இல்லை' என்று சொல்ல வேண்டும். சண்டை வராமல் என்ன செய்யும்? 2005-ல் புது விர்ச்சுவல்களை அடியோடு நிறுத்தினார்கள். 2017-ல் மறுபடி திறந்தபோது கதவை முழுசாகத் திறக்கவில்லை. 4,000 பேரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு ஒன்று வைக்க வாய்ப்புக் கொடுத்தார்கள். இன்னாருக்கு ரசனை இருக்கும் என்று நம்பிக் கொடுத்துவிட்டு, இடத்தை எடைபோடும் வேலையை நிறுவனம் மெல்லக் கைகழுவிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பரிசோதகரால் முடியாததைப் போய்வந்தவர்கள் செய்யட்டும் என்று பல பேர் கிளம்பினார்கள். டெர்ராகேச்சிங் என்ற தனிக் குழு, உறுப்பினர்கள் மார்க் போட்டு, மிகக் குறைவாக வாங்கியதைப் பட்டியலிலிருந்து தூக்கும் ஏற்பாட்டோடு வந்தது. சின்னக் குழுவாகவே நின்றது. ஜிசிவோட் என்று ஒரு நிரல், அதிகாரபூர்வ தளத்தின் பக்கங்கள்மேலேயே ஸ்டார்களை ஒட்டிக் காட்டியது. ஜிபிஎஸ் கருவி செய்யும் கார்மின் 2010 டிசம்பரில் போட்டித் தளம் தொடங்கியபோது 'எவ்வளவு அசத்தல்' என்று கேட்கும் அளவுகோலையும் வைத்தது; 2015-ல் தளத்தையே மூடிவிட்டது. அசத்தல் அளவுகோலால்தான் மூடினார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அது காப்பாற்றவும் இல்லை.

பத்துக்கு ஒன்று

நிலைத்தது வேறொன்று. ஜெர்மனியில் 2005-ல் தொடங்கிய ஓபன்கேச்சிங் தளத்தில், கண்டுபிடித்தவர் பெட்டியைப் பரிந்துரைக்கலாம். ஆனால் தான் கண்டுபிடித்ததில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பரிந்துரைக்க முடியாது. 2010 டிசம்பரில், கார்மின் களம் இறங்கிய அதே மாதம், சியாட்டிலில் இருக்கும் ஜியோகேச்சிங் தலைமையகமும் ஏறக்குறைய இதே கணக்கில் 'ஃபேவரிட் பாயின்ட்' கொண்டுவந்தது. சந்தா கட்டியவர் பத்துப் பெட்டி கண்டுபிடித்தால் ஒரு புள்ளி கையில் வரும். பிடித்த பெட்டிக்கு அதைக் கொடுக்கலாம். பிற்பாடு அதைவிட நல்லது ஒன்றைப் பார்த்தால், பழைய இடத்திலிருந்து எடுத்து இங்கே வைக்கலாம்.

இதில் இருக்கும் கெட்டிக்காரத்தனம் எளிதில் கண்ணில் படாது. ஸ்டார் போட எனக்குச் செலவே இல்லை. யார் மனசையும் நோகடிப்பானேன் என்று ஐந்தைத் தட்டிவிட்டுப் போய்விடுவேன். யூடியூப் 2009-ல் தன் கணக்கையே எடுத்துப் பார்த்துவிட்டு, விழுகிற ஸ்டார்களில் பெரும்பாலானவை ஐந்துதான் என்று ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு ஸ்டாரைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலை மாட்டியது. நெட்ஃபிளிக்ஸ் 2017-ல் அதே வழியில் போனது. அங்கெல்லாம் படம் எடுத்தவரைப் பார்வையாளர் நேரில் பார்க்கப் போவதில்லை. அப்படியிருந்தும் இந்த நிலை. இங்கே ஒளிப்பவரும் தேடுபவரும் ஒரே ஆட்கள். அடுத்த மாதச் சந்திப்பில் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கு இரண்டு ஸ்டார் போடுவாரா ஒருவர்? பெயர் தெரியாமல் போடலாம் என்றால் பழைய பகை எல்லாம் அந்த வழியே வந்து சேரும். கையில் ஒரே ஒரு புள்ளி இருக்கும்போதோ, ஒன்றுக்குக் கொடுத்தால் ஒன்பதுக்கு இல்லை. யோசிக்காமல் கொடுக்க முடியாது. கிடைக்காதவர் யார்மீதும் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

குறை இல்லாமல் இல்லை. பெரிய நகரத்தின் நடுவில், சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் இடத்தில் ஆயிரக்கணக்கான பேர் கண்டெடுத்த பெட்டிக்கு நூற்றுக்கணக்கில் புள்ளி சேர்ந்துவிடும். இரண்டு நாள் மலை ஏறிப் போக வேண்டிய பெட்டியைப் பத்தே பேர் பார்த்திருப்பார்கள். பத்துப் பேரும் புள்ளி கொடுத்திருந்தாலும் பட்டியலில் அது அடியில்தான் கிடக்கும். பார்த்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் கொடுத்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும். அதிலும் மூன்றுக்கு மூன்று வாங்கிய பெட்டியையும் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பெட்டியையும் எப்படி ஒப்பிடுவது? புள்ளியியலில் இதற்கு வில்சன் கணக்கு என்று ஒரு வழி இருக்கிறது: சாட்சி குறைவாக இருந்தால் மதிப்பைக் கொஞ்சம் இறக்கிப் பிடிக்கும். புராஜெக்ட்-ஜிசி என்ற தளம் அந்தக் கணக்கில் வரிசைப்படுத்திக் காட்டுகிறது. தலைமையகமும் மொத்த எண்ணுக்குப் பதில் அதையே முன்னால் வைத்தால், ஸ்டார் கேட்கிறவர்களில் பாதிப் பேர் வழக்கை வாபஸ் வாங்கிவிடுவார்கள் என்பது என் கணிப்பு.

161 மீட்டர்

மீதிப் பாதிப் பேரின் வாதம் லேசில் தள்ளக்கூடியது அல்ல. அவர்களுக்குக் கோபம் விளக்குக் கம்பத்தின்மேல். இரண்டு பெட்டிகளுக்கு இடையே 161 மீட்டர், அதாவது பத்தில் ஒரு மைல், இடைவெளி வேண்டும் என்பது விதி. எனவே சோம்பேறித்தனமாக ஒட்டிவிட்டுப் போன ஒரு காந்த டப்பா தன்னைச் சுற்றி அத்தனை இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. நல்ல அருவிக்கு முன்னால் இருக்கும் பெஞ்சுக்கடியில் ஒருவர் டப்பாவைச் செருகிவிட்டால், அதே அருவிக்குப் பின்னால் பாறைக்குள் மாதக்கணக்காகத் திட்டம் போட்டுப் பெட்டி செய்தவருக்கு இடம் இல்லை. முதலில் வந்தவருக்கே நிலம். குறை சொல்ல வழியில்லாத விளையாட்டில் குப்பைக்கு ஆயுள் கெட்டி என்கிறார்கள். உண்மைதான்.

ஆனால் ஸ்டார் அந்த டப்பாவை அசைக்குமா? ஒன்றரை ஸ்டாரோடு அது அங்கேயேதான் இருக்கும். அசைக்க வேண்டுமென்றால் டெர்ராகேச்சிங் போல, மார்க் குறைந்தால் வெளியே என்று விதி வேண்டும். அப்படி ஒரு விதி வந்தால் முதலில் காலியாவது எது என்று யோசித்துப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அந்தக் கார் நிறுத்துமிடத்து டப்பா சலிப்பானது அல்ல. சமதளம், கைக்கு எட்டும் உயரம், வண்டி பக்கத்திலேயே. நிலத்துக்கு 'ஒன்று' என்ற மார்க்கே அப்படிப்பட்டவர் போய்வரக்கூடிய இடம் என்பதற்குத்தான். கைக்குழந்தையோடு வருகிறவர், அலுவலகச் சாப்பாட்டு இடைவேளையில் எட்டிப் பார்க்கிறவர், முழங்கால் தேய்ந்தவர் எல்லாருக்கும் அது போதும். மலையேறிகள் போடும் சராசரியில் இவர்கள் குரல் கரைந்துவிடும்.

நெவாடா பாலைவனத்தில் வேற்றுக்கிரகவாசிகள் பெயரைச் சொல்லி 'எக்ஸ்ட்ராடெரெஸ்ட்ரியல் ஹைவே' என்று அழைக்கப்படும் சாலை ஒன்று இருக்கிறது. அதன் ஓரமாகப் பத்தில் ஒரு மைலுக்கு ஒன்றாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட டப்பாக்களை வைத்தார்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் குதித்து இறங்கி டப்பாவை எடுக்க, பின்சீட்டில் இருப்பவர் பெயரை முத்திரை குத்த என்று ராத்திரி பகலாக ஓடுவார்கள். நேரத்தை மிச்சப்படுத்த ஒரு தந்திரம்கூட உண்டு: எடுத்த டப்பாவை அங்கே திரும்ப வைப்பதில்லை, ஏற்கெனவே பெயர் குத்திய டப்பாவை அங்கே வைத்துவிட்டு, எடுத்ததை ஓடும் வண்டியிலேயே முத்திரை குத்தி அடுத்த இடத்தில் வைப்பது. இப்படி ஒரே நாளில் ஆயிரம் பெட்டி! எனக்கு இதில் துளியும் ருசி இல்லை. தனியாக எடுத்தால் அந்த டப்பா ஒவ்வொன்றும் அரை ஸ்டாருக்குக்கூடத் தேறாது. ஆனால் இதற்கென்றே விமானம் ஏறி லாஸ் வேகஸில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். என் ருசியை அவர்கள் தலையில் ஏற்ற எந்த எண்ணுக்கும் உரிமை இல்லை.

பந்தியில் ஸ்டார் போடுவதில்லை

ஹோட்டலோடு ஒப்பிடுவதில்தான் கோளாறு. ஹோட்டலில் காசு கொடுக்கிறோம். போடுகிற ஸ்டார் அடுத்த வாடிக்கையாளரின் காசைக் காப்பாற்றுகிறது. பெட்டி ஒளிப்பவருக்கு யாரும் ஒரு சல்லி கொடுப்பதில்லை. டப்பா, தாள், பெட்ரோல், அனுமதி கேட்டு அலைவது, மழைக்குப் பிறகு போய்ப் பார்த்து மாற்றுவது எல்லாம் அவர் கைக்காசு. இது கல்யாண வீட்டுப் பந்தி. இலை முன்னால் உட்கார்ந்து யாரும் மார்க் சீட்டு நிரப்புவதில்லை. ஆனால் சாம்பாரில் உப்பு இல்லையென்றால், பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுக் காதோடு சொல்வோம். சொல்லாமல் விட்டால் அடுத்த பந்திக்கும் அதே சாம்பார்தான்.

இந்த விளையாட்டில் கெட்டுப்போயிருப்பது அந்தக் காதோடு சொல்லும் பழக்கம். டப்பா உடைந்திருக்கிறது, தாள் கூழாகிவிட்டது, மூடி மூடவில்லை என்பவை ரசனை சம்பந்தப்பட்டவை அல்ல, தகவல்கள். அதைச் சொல்வதற்குத் தளத்திலேயே தனி வசதி இருக்கிறது. பலரும் அதைத் தொடப் பயப்படுகிறார்கள். ஒளித்தவரை அவமானப்படுத்துவதாக ஆகிவிடுமாம். பதிவில் 'அருமை, நன்றி' என்று எழுதிவிட்டு, நண்பர்களிடம் மட்டும் 'அங்கே போகாதே' என்பார்கள். மனிதர் வாய் திறக்காததால் இயந்திரம் நுழைந்தது. கிடைக்கவில்லை என்ற பதிவுகள், பழுது புகார்கள், கடைசியாக யார் எப்போது பார்த்தார்கள் என்பதையெல்லாம் கூட்டிக் கழித்து ஒவ்வொரு பெட்டிக்கும் ரகசியமாக ஓர் ஆரோக்கிய மதிப்பெண் போடுகிறது தலைமையகத்தின் கணினி. அது இறங்கினால் ஒளித்தவருக்குத் தானாக மின்னஞ்சல் போகும். ஒழுங்காக இருக்கும் பெட்டிக்குச் சொந்தக்காரர் சில சமயம் அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு முறைத்துக்கொண்டிருப்பார். கடினமான பெட்டி என்பதால்தான் பலருக்குக் கிடைக்கவில்லை என்பது கணினிக்கு எப்போதும் புரிவதில்லை.

ஸ்டாரை நிறுவனம் முற்றாக ஒதுக்கவும் இல்லை. அட்வென்ச்சர் லேப் என்ற அதன் புது விளையாட்டில், ஐந்தாறு இடங்களைச் சுற்றிக் கேள்விக்குப் பதில் சொல்லி முடித்ததும் ஸ்டார் கேட்கிறது. அங்கே அது பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். அது ஒரு வழிகாட்டிச் சுற்றுலா. நனைவதற்குத் தாள் இல்லை, உடைவதற்கு டப்பா இல்லை. அங்கே போட்டார்களே, இங்கேயும் போடலாமே என்பவர்கள் இந்த வித்தியாசத்தைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் உண்மையான நஷ்டம் எழுத்தில்தான் வந்திருக்கிறது. ஆரம்ப காலத்தில் ஆட்கள் வீட்டுக்குப் போய், கணினி முன் உட்கார்ந்து, எந்த வழியாகப் போனோம், எங்கே சறுக்கினோம், எந்தக் கல்லை மூன்று தரம் புரட்டினோம் என்று பத்தி பத்தியாக எழுதினார்கள். இப்போது போனில், அடுத்த பெட்டிக்கு நடந்துகொண்டே 'டிஎஃப்டிசி' என்று நாலெழுத்து. பெட்டிக்கு நன்றி என்பதன் சுருக்கம் அது. ஒரே வரியை அன்றைக்குக் கண்டுபிடித்த நாற்பது பெட்டிக்கும் ஒட்டிவிடுகிறவர்களும் உண்டு. சுரங்கத்துக்கு அப்பால் இருக்கும் பெட்டிக்கும் அதே நாலெழுத்து, கம்பத்து டப்பாவுக்கும் அதே நாலெழுத்து என்றால், புதிதாக வருகிறவர் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்? ஸ்டார் கேட்கத்தானே செய்வார்.

பதிவில் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: 'ஓடைக்கரை வழி சேறு, சுற்றிப் போனால் நல்லது. இடம் பிரமாதம், என் மகள் கிளம்பவே மாட்டேன் என்றாள். டப்பாதான் தண்ணீர் குடித்திருக்கிறது, தாளைப் பிரித்தால் கிழிகிறது.' அதைப் படித்தவருக்குப் போவதா வேண்டாமா என்பது தெரிந்துவிடும். ஒளித்தவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரப்பர் வளையம் போட்ட புது டப்பாவும் காய்ந்த தாளும் எடுத்துக்கொண்டு ஓடைக்குக் கிளம்புவார். மூன்று ஸ்டார் வாங்கியவர் எதை எடுத்துக்கொண்டு கிளம்புவது?